தடித்தாலும் மூச்சு முட்டாத எழுத்துரு: பாலூ தம்பி

மெல்லிய எழுத்தொன்றை எடுத்து, கோடுகளை மட்டும் பருமனாக்கி, சுழிகளுக்குள் இருக்க வேண்டிய வெண்மையை மை விழுங்கிவிட்ட உருவங்களையே தமிழ்ப் பதாகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் நிறுவனம் உருவாக்கி, கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாலூ தம்பி, தடிமனாகவே சிந்தித்து வரையப்பட்ட எழுத்துரு.

தேவநாகரி, வங்காளம், கன்னடம் எனப் பல இந்திய வரிவடிவங்களுக்கு ஒரே சாயலில் வரைந்த குடும்பத்தில் இது தமிழுக்கு உரியது. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபியின் குர்முகி எழுத்துக்குப் பாஜி என்று அந்தந்த மொழியின் உறவுப் பெயரையே சூட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சிறார் கதைப் புத்தக அட்டை ஒன்றுக்காக ‘குழந்தைகள்’ என்னும் சொல்லை இதில் 90 புள்ளி (பாயிண்ட்) அளவில் அமைத்துப் பார்த்தேன். கோடுகளின் முனைகள் கூர்மையின்றி உருண்டிருக்கின்றன. தகர ஐகாரத்தின் முன்கொம்பு அருகிலுள்ள எழுத்தை நெருக்குவதில்லை. ளகர ஒற்றின் மேலுள்ள புள்ளி, இவ்வளவு பருமனிலும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் தனித்துத் தெரிகிறது. தமிழ் வாசகருக்கு இந்தக் கடைசிக் குணம் சிறிய செய்தி அன்று, ஏனெனில் புள்ளி மங்கினால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிச் சொல்லே மாறிப்போகும். உடன் வரும் ஆங்கில எழுத்துகளும் அதே பருமனில் இருப்பதால், இருமொழித் தலைப்புகளில் ஒன்று மற்றொன்றை அமுக்குவதில்லை.

பழச்சாறுக் கடைப் பலகை, பள்ளி விளையாட்டு விழாப் பதாகை, தின்பண்ட உறை, சிறுவர் செயலி ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் எடுக்கலாம். நினைவஞ்சலிச் சுவரொட்டிக்கு எடுக்கவே கூடாது; இந்த எழுத்தின் முகத்திலிருக்கும் குதூகலத்தை அங்கே மறைக்க வழியில்லை. நீண்ட பத்திகளுக்கும் பொருந்தாது. 10 புள்ளிக்குக் கீழே இறங்கினால் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, னகரத்திலிருந்து பிரித்தறியக் கண் திணறுகிறது. முதலில் ஒரே தடிமனில் வந்த இந்த எழுத்துரு, பாலூ தம்பி 2 என்ற பெயரில் தடிமனைக் குறிக்கும் எண்களில் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்களைப் பெற்றிருப்பதால், துணைத்தலைப்புகளுக்கு மெல்லியதைத் தேர்ந்தெடுக்கலாம். வரிகளுக்கிடையே இயல்பாகவே விழும் இடைவெளி கூடுதலாக இருப்பதால், இரண்டு வரித் தலைப்புகளில் அதை நாமே குறைத்தாக வேண்டும்.

இது யூனிகோடு, அதாவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையில் அமைந்த எழுத்துரு என்பதையும், பழைய மென்பொருள்கள் சில அதைச் சரியாகக் கையாளாது என்பதையும் அச்சகத்துக்குச் செல்லுமுன் நினைவில் கொள்ள வேண்டும். நான் சென்ற அச்சகத்தின் பழைய மென்பொருளில் ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறின. எழுத்துகளை வரைகோடுகளாக, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்த பிறகே அட்டை சரியாக வந்தது. திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியாகியிருப்பதால், விற்பனைக்குரிய நூலுக்கும் பொருளுக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்பதற்குத்தான் அனுமதி இல்லை.