ஆர்சி2014: கையால் பூட்டும் இசட்80 கணினி

பிரித்தானியாவின் ஸ்பென்சர் ஓவன் 2014ஆம் ஆண்டின் ரெட்ரோ சேலஞ்ச் என்ற பழங்கணினி ஆர்வலர் நிகழ்வுக்காகத் தாம் அமைத்த கணினியை, பின்னர் எவரும் வாங்கிப் பூட்டக்கூடிய உதிரிப்பாகத் தொகுதியாக விற்கத் தொடங்கினார். அதுவே, இசட்80 என்ற செயலியில் இயங்கும் ஆர்சி2014. கணினியின் உள்வேலையை அறிய விரும்பும் எவருக்கும் நான் தயங்காமல் சொல்லக்கூடிய தொகுதி இது. செயலி, கடிகாரம், ரேம், ரோம், சீரியல் தொடர்பு (தரவைப் பிட் பிட்டாக வரிசையில் அனுப்பும் முறை) ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி அட்டையாக ஒரே தாய்ப்பலகையில் செருகப்படுவதால், உயர்தர வகுப்பில் படமாக மட்டும் வரைந்து மனனம் செய்யும் கொணர்தல்-நிறைவேற்றல் வட்டம் (செயலி ஒவ்வொரு கட்டளையாக எடுத்து நிறைவேற்றும் சுழற்சி) இங்கே தொட்டுக் காட்டக்கூடிய பொருளாகிவிடுகிறது.

கடிகார அட்டையையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள, சீரான துடிப்பைத் தரும் பளிங்கின் (கிறிஸ்டலின்) அதிர்வெண் 7.3728 மெகாஹேர்ட்ஸ். அதை 64ஆல் வகுத்தால் மீதியின்றி 115,200 வருகிறது. சீரியல் அட்டை மடிக்கணினியுடன் தொடர்புகொள்ளும் வேகம், விநாடிக்கு அத்தனை பிட்டுகளே. செயலிக்கும் சீரியலுக்கும் ஒரே பளிங்கு போதுமாகிவிடும் இந்தச் சிக்கனம், பூட்டுபவருக்கு எந்தப் பாடநூலும் தராத தெளிவைத் தருகிறது.

பூட்டும் வேலை கடினமானதன்று, ஆனால் பொறுமை வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் 40 ஊசிகள் கொண்ட வரிசை உண்டு. முதலில் இரு முனைகளிலும் உள்ள ஊசிகளுக்கு மட்டும் பற்றாசு பிடித்து, வரிசை நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே ஏனையவற்றைத் தொட வேண்டும். பற்றாசுக்கோல், ஈயக்கம்பி போன்றவற்றைப் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலேயே வாங்கிவிடலாம். யூஎஸ்பி-சீரியல் வடத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். 5 வோல்ற் வகையே தேவை. சீரியல் அட்டையின் ஜம்பரை (இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடியை) இணைத்துவிட்டால் கணினிக்கான மின்சாரமும் அந்த வடத்தினூடாகவே வரும்.

என் பெரிய குறை, அச்சிட்ட கையேடு வராமையே. வழிமுறைகள் இணையத்தில், ஆங்கிலத்தில் உள்ளன. முதன்முறையாகப் பற்றாசு பிடிக்கும் மாணவருக்கு அருகில் ஒருவர் இருப்பது நல்லது. இன்னொன்று, இசட்80 1976இல் வெளிவந்த செயலி. அதன் தனிச் சில்லு வகையை நிறுத்துவதாக சைலொக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. சில்லுகள் சொக்கெற்றில் அமர்வதால் மாற்றுவது எளிது. ஆயினும் மேலதிகமாக ஒன்றை வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

மின்சாரம் கொடுத்ததும், ரோமிலிருந்து மைக்ரோசொப்ட் பேசிக் என்ற நிரல்மொழி எழும்பி, புதிதாகத் தொடங்குவதா அல்லது முன்பிருந்த நிரலைத் தக்கவைப்பதா என்று மடிக்கணினித் திரையில் கேட்கும். நிரல் சிக்கி நின்றாலும் ரீசெற் அழுத்தி இரண்டாவதைத் தெரிந்தால், எழுதிய வரிகள் 32 கிலோபைட் ரேமில் அப்படியே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும்; ஆகவே, நிரலைப் பட்டியலிட்டு மடிக்கணினியில் பிரதிசெய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு விளக்குகளும் எட்டுப் பொத்தான்களும் கொண்ட இலக்கமுறை உள்ளீட்டு-வெளியீட்டு அட்டை தனியாக விற்கப்படுகிறது. பேசிக்கில் அவுட் கட்டளையால் 0ஆம் துறைக்கு (போர்ட்) 170 என்ற எண்ணை, அதாவது ஈரடியில் 10101010ஐ, அனுப்பினால், விளக்குகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு எரியும். ஈரடி எண்முறையை ஒரு பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பின்னர் தனியே தருவித்தால் தபாற்செலவு மறுபடியும் ஏறும் என்பதால், முதல் கொள்வனவிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.