பாதி விலைக்குத் தோட்டா என்று 1,130 வெள்ளி போன கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தோட்டாவுக்கு ஆன்லைனில் கட்டிய டெபாசிட் 680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ‘கஸ்டம்ஸ்’ என்று சொல்லி 450 வெள்ளி, ஆக 1,130 வெள்ளி போச்சு. கைக்கு வந்த தோட்டா ஒன்றுகூட இல்லை. வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எங்கள் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஏர் ரைபிள் சுட்டதை டிவியில் பார்த்தபோது பிடித்த பைத்தியம் இது. வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர முடிந்தது. 50 மீட்டர் தூரம், .22 ரைபிள், அதாவது 0.22 அங்குலக் குண்டு சுடும் சின்ன ரைபிள். துப்பாக்கி கிளப்புடையது, தோட்டாவை அங்கேயே வாங்கி, அங்கேயே சுட்டு, மிஞ்சினால் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு 100 தோட்டா என்று வைத்தாலே மாதக் கடைசியில் வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும். இதில் காசு தின்பது துப்பாக்கி இல்லை, தோட்டாதான்.

அதனால் எந்நேரமும் ‘ஒரு தோட்டா எத்தனை சென்’ (100 சென் ஒரு வெள்ளி) என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டிக்கு 50, பத்துப் பெட்டி சேர்ந்தால் ‘பிரிக்’, அது 500. பத்து பிரிக் சேர்ந்தால் ஒரு கேஸ், 5,000. வெளிநாட்டுக்காரர்கள் கேஸ் கணக்கில் வாங்கிப் படம் போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் மொத்தமாக வாங்கும் ஆசை வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரம் வந்தது. ‘.22 டார்கெட் தோட்டா, மொத்த விலை, கோலாலம்பூர் டெலிவரி’. ஒன்று 68 சென். கிளப்பில் நான் கொடுப்பதில் பாதிகூட இல்லை.

சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஆள் நல்ல மலாய் எழுதினான், வரிக்கு வரி ‘பாஸ், பாஸ்’ என்று குழைந்தான். லைசென்ஸ் வைத்திருக்கும் வியாபாரி என்று ஒரு காகிதத்தின் படம் அனுப்பினான். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, எழுத்து மட்டும் மங்கல். அடுத்து, ‘சட்டப்படி வேண்டும்’ என்று என் ஐசி (அடையாள அட்டை) படத்தையும் கிளப் அட்டைப் படத்தையும் கேட்டான். நான் விழுந்தது இந்த இடத்தில்தான். ஏமாற்றுக்காரனாக இருந்தால் காசை மட்டும்தானே கேட்பான், இவன் பத்திரம் எல்லாம் கேட்கிறானே, ஒழுங்கான ஆள் போல என்று நினைத்தேன். இரண்டையும் அனுப்பினேன். நாலு பிரிக், 2,000 தோட்டா, 1,360 வெள்ளி, பாதி முன்பணம். கம்பெனிக் கணக்கு இல்லாமல் ஒரு தனி ஆளின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தது, அதையும் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்.

இப்போது வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். அந்த விளம்பரத்திலேயே பொய் எழுதி ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தது சாதாரண .22 லாங் ரைபிள் பெட்டி. கீழே விவரத்தில் ‘55 கிரெயின், முழுச் செம்பு உறை, ஹை வெலாசிட்டி’. கிரெயின் என்பது குண்டின் எடை. நாங்கள் சுடும் .22 குண்டு வழக்கமாக 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம், வெறும் ஈயத்தின் மேல் மெழுகோ கிரீஸோ தடவியிருக்கும். 55 கிரெயினும் முழு உறையும் .223 தோட்டாவுக்கு உரிய விவரம். எம்16 மாதிரி ராணுவ ரைபிள் சுடும் தோட்டாவுக்குச் சொந்தக்காரத் தோட்டா அது. குண்டின் குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கூடு வேறு, மருந்து பல மடங்கு, நம் ரைபிளுக்குள் நுழையவே நுழையாது. எங்கிருந்தோ ஒரு படம், எங்கிருந்தோ ஒரு விவரம் என்று வெட்டி ஒட்டியிருக்கிறான். தோட்டா விற்கிற எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். வாரா வாரம் சுடுகிற நான் அதைப் படித்துவிட்டு 68 சென் என்ற விலையை மட்டும் பார்த்தேன்.

இரண்டாம் நாள் ‘சரக்கு போர்ட் கிள்ளானில் நிற்கிறது, கஸ்டம்ஸ் கட்டவேண்டும்’ என்று 450 வெள்ளி கேட்டான். கட்டினேன். நாலாம் நாள் ‘இன்சூரன்ஸ்’ என்று 900. அப்போதுதான் சுரணை வந்தது. முடியாது, காசைத் திருப்பிக் கொடு என்றேன். ‘பாஸ், பாஸ்’ என்ற குழைவு காணாமல் போய் வேறு குரல் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் 2,000 தோட்டா ஆர்டர் செய்தது நீதானே, உன் ஐசி எங்களிடம் இருக்கிறது, நாம் பேசியது எல்லாம் இருக்கிறது, புக்கிட் அமானுக்கு (போலீஸ் தலைமையகம்) அனுப்பட்டுமா என்று ஒரு வாய்ஸ் மெசேஜ்.

கை நடுங்கிவிட்டது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கிளப் அட்டை என்பது கிளப்புக்குள் சுடுவதற்குத்தான், வீட்டு வாசலில் பார்சல் வாங்குவதற்கு இல்லை. இது தெரியாமலா இருந்தேன், தெரியும். ‘அவன்தான் லைசென்ஸ்காரன் ஆயிற்றே, பெர்மிட்டை அவன் பார்த்துக்கொள்வான்’ என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். அந்தப் பார்சல் நிஜமாகவே வந்திருந்தால் இதை எழுத நான் வெளியே இருந்திருப்பேனா தெரியாது. தோட்டா வெடிபொருள் வகை, அதைத் தபாலில் அனுப்புவதே தடை. ‘கோலாலம்பூர் டெலிவரி’ என்பதைப் படித்தபோதே சிரித்திருக்கவேண்டும்.

இவன்களின் வியாபாரமே இந்தப் பயம்தான். கைப்பையோ போனோ வாங்கி ஏமாந்தவன் நேராகப் போய் ரிப்போர்ட் போடுவான். தோட்டா வாங்கி ஏமாந்தவன் வாயைத் திறக்கமாட்டான், திறக்காதவரை கறக்கலாம்.

கிளப்பில் ஓர் அண்ணன் இருக்கிறார், பழைய ராணுவக்காரர். இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் கடைசியில் அவரிடம் போய் நின்றேன். விளம்பரத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “ஏன்டா தம்பி, நீ தோட்டா வாங்கினியா, கத்திரிக்கா வாங்கினியா? 55 கிரெயின்னு போட்டிருக்கான், படிக்கலையா?” என்றார். திட்டி முடித்துவிட்டு, தே தாரேக் வாங்கிக் கொடுத்து, அவரே கூட வந்தார்.

997க்கு அடித்தோம். மோசடிக்காகவே இருக்கும் எண், வங்கியோடு பேசிக் காசை நிறுத்தப் பார்ப்பார்கள். ஆனால் காசு அனுப்பிய கையோடு, சூடு ஆறுவதற்குள் அடிக்கவேண்டும். நான் அடித்தது ஆறாம் நாள், கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஏற்கெனவே அதன்மேல் புகார் இருக்கிறது. காசு அனுப்புவதற்கு முன் செய்திருந்தால் ஒரு நிமிட வேலை, 1,130 வெள்ளி மிச்சம். அப்புறம் பாலாய்க்கு (போலீஸ் நிலையம்) போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி ரிப்போர்ட் போட்டேன். என்னைப் பிடித்து உள்ளே வைக்கவில்லை. எல்லா உரையாடலையும் அழிக்காமல் வை என்றார்கள், அந்த எண்ணைத் தடை செய் என்றார்கள். மிரட்டல் அதோடு நின்றது.

மலிவாகச் சுடவே வழி இல்லையா என்று நானும் அண்ணனைக் கேட்டேன். இருக்கிறது என்றார், ஆனால் மெதுவான வழி. இந்தத் தோட்டாவுக்கு லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்தான் முக்கியம். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, லாட் மாறினால் கிரூப்பிங், அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது மாறும். பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் குறுக்களவு 50 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகம் அளவு. அதனால் கிளப் ஸ்டோரில் இருப்பதில் மூன்று நாலு வகையை ஒவ்வொரு பெட்டி வாங்கி, குறிப்பிட்ட ரைபிளில் சுட்டு, எது கூட்டமாக விழுகிறதோ அதே லாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து கிளப் மூலமாகவே சொல்லிவைத்து எடுக்கவேண்டும். ஈலி டெனெக்ஸ் மாதிரி உயர்ந்த ரகத் தோட்டா எல்லாம் போட்டிக்காரனுக்கு, பயிற்சிக்கு அதற்குக் கீழே இருப்பதே போதும். ஹை வெலாசிட்டி, அதாவது அதிவேகத் தோட்டா பக்கம் போகாதே என்றார். நொடிக்கு 380 மீட்டரில் கிளம்புகிற குண்டு 50 மீட்டர் போவதற்குள் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும், அந்த இடத்தில் ஆட்டம் காணும். ஸ்டாண்டர்ட் குண்டு 330 பக்கம், நம்ம ஊர் வெயிலில் ஒலி 349 மீட்டர் போகும், ஆக ஆரம்பத்திலிருந்தே ஒலி வேகத்துக்குக் கீழேயே அமைதியாகப் போகும். அந்த 68 சென் தோட்டா உண்மையாகவே இருந்து, உண்மையாகவே .22ஆக இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.

இப்போது ஐந்து பேராகச் சேர்ந்து எடுக்கிறோம். பாதி விலை எல்லாம் இல்லை, கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். வீட்டில் 1,130 கதையை இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, 680 மட்டும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் வந்தது. அதே படம், அதே 55 கிரெயின். விலை மட்டும் 59 சென் ஆகியிருக்கிறது.