பிரஷர் பாக்க பெரியாஸ்பத்திரியோ, ஊருக்குள்ளயோ?

இலங்கையில முல்லைத்தீவு மாவட்டத்து துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற ஒரு அம்மம்மாவுக்கு பிரஷரும் சீனியும் பாக்கோணும் எண்டால் ரெண்டு வழி, ஒண்டு மாவட்ட ஆஸ்பத்திரி, மற்றது ஊர் பொதுநோக்கு மண்டபத்துக்கு வாற நடமாடும் கிளினிக்.

ஆஸ்பத்திரியில டொக்டர், லாப், ஈசிஜி எல்லாம் ஒரே இடத்தில, காசும் இல்ல, குறை சொல்ல ஏலாது. ஆனா விடியக்காலமை பஸ் பிடிச்சு நம்பர் எடுத்து, கூட வாற மகளுக்கு அண்டைய கூலியும் போய், கடைசியில டொக்டருக்கு தமிழ் தெரியாட்டி வருத்தத்த ஆர் எடுத்து சொல்றது? 1987ல அரசியலமைப்பின்ர 13ம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழிதான், கடதாசியில.

ஊருக்குள்ள எண்டால் மிட்வைஃப் அக்காவுக்கு வீடு வீடா ஆக்களத் தெரியும், வராட்டி கூப்பிட்டு விடுவா. ஆனா வெறும் அட்வைஸும் நோட்டீஸும் தந்திட்டு போற முகாம் எனக்கு பிடிக்காது. லொஸ் ஏஞ்சலிஸில கறுப்பின ஆம்பிளையள் முடிவெட்டுற சலூனுக்கே பார்மசிஸ்ட்டை அனுப்பி மருந்து குடுத்துப் பாத்தவை, 2018ல வந்த முடிவில மேல் பிரஷர் சராசரியா 27 இறங்கியிருக்கு, சலூன்காரர் அட்வைஸ் மட்டும் சொன்ன ஆக்களுக்கு 9 தான்.

அதால மாசாமாசம் பாக்கிறதும் குளிசையும் ஊருக்குள்ளயே (குளிசை இல்லாம வாறதெண்டால் வராமலே விடலாம்), கிட்னி, கண், ஈசிஜி செக் பண்ண மட்டும் ஆஸ்பத்திரி. என்னைக் கேட்டா இப்பிடித்தான் பிரிப்பன்.