டிடிஆர் 5 ராம் வாங்கப் போகிறீர்களா? என் 36,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை பதினொரு மணிக்கு எனக்கு ராம் விற்ற கடைக்காரர் போனை எடுத்தார். "அண்ணே, அதான் சொல்லிட்டோமே, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். கை இன்னும் நடுங்குகிறது. 36,000 ரூபாய். கம்ப்யூட்டருக்கு டிடிஆர் 5 ராம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்கிற தற்காலிக நினைவகம், அதில் டிடிஆர் 4-க்கு அடுத்த தலைமுறை) வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது, இது 2022 ஜூன். இன்னொருவர் இதே இடத்தில் போய் விழக் கூடாது என்றுதான் ஆறப்போடாமல் இப்போதே எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குத் திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. இப்போது எல்லோரும் 4கே கேட்கிறார்கள், பழைய கம்ப்யூட்டர் திணறியது. தை முகூர்த்தங்களுக்கு முன்னால் புதுசு போட்டுவிட வேண்டும் என்று சீட்டு எடுத்த பணத்தோடு 2022 ஜனவரி முதல் வாரம் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாடியில், நமக்கு வேண்டிய பாகங்களைச் சேர்த்து கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கிற கடை. அந்த மாதிரி கடைகள் அங்கே எத்தனையோ உண்டு.

நான் கையில் எழுதிக்கொண்டு போன கணக்கு வேறு. இன்டெல் 12-ஆம் தலைமுறை ஐ7 12700கே பிராசஸர், டிடிஆர் 4 ராம் 32 ஜிபி. அந்த ராம் 11,500 ரூபாய் என்று கீழே இரண்டு கடையில் விசாரித்திருந்தேன். இந்தக் கடைக்காரர் நான் எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவ்வளவு காசு போட்டு புது பிராசஸர் வாங்கிட்டு, எட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த ராமையா போடுவீங்க?" என்றார். டிடிஆர் 4 வந்தது 2014-இல், அது உண்மைதான். டிடிஆர் 5-க்கு 2020 ஜூலையிலேயே விதிமுறை வெளியாகிவிட்டது, 2021 நவம்பரில்தான் இந்த பிராசஸரோடு சாதாரண கம்ப்யூட்டருக்கு வந்தது, அதுவும் உண்மை. வேகத்தில் பழைய ராமின் 3200 எங்கே, இதன் 4800 எங்கே என்றார். மின்சாரத்தைச் சீராக்குகிற சிப் இதுவரை மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் செருகுகிற பலகை) இருந்தது, இப்போது ராம் ஸ்டிக்கிலேயே வந்துவிட்டது, அந்தச் சிப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு, அதனால்தான் விலை 36,000 என்றார். அதிலும் பொய் இல்லை. பிறகு படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல். சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அந்த உண்மையைக் கேட்டுத்தான் மிச்சத்தையும் நம்பினேன்.

டீ வாங்கிக் கொடுத்தார். "என் சொந்தத் தம்பிக்கே இதைத்தான்ணே போட்டேன்" என்றார். பெட்டியின் சீல் ஸ்டிக்கரை என் கண் முன்னால் கிழித்தார், இரண்டு ஸ்டிக்கையும் செருகினார், திரையில் 4800 என்று வந்ததைக் காட்டினார். "இப்போ 32 போதும். அப்புறம் இன்னும் ரெண்டு வாங்கி காலியா இருக்குற ஸ்லாட்ல போட்டா 64. அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்." யுபிஐயில் பணத்தைப் போட்டேன். 36,000 ராமுக்கு, அந்த ராமுக்கு ஏற்ற மதர்போர்டு என்பதால் அதற்கும் 5,000 கூடுதல். பில் கொடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், படித்துப் பார்க்கவில்லை.

அவர் சொல்லாமல் விட்டது என்ன தெரியுமா? அதே 12700கே டிடிஆர் 4-இலும் ஓடும். மதர்போர்டு மட்டும்தான் ஏதாவது ஒன்றுக்கு என்று இருக்கும். ஒரு தடவை டிடிஆர் 5 போர்டு வாங்கிவிட்டால் திரும்ப வழியில்லை, பழைய ஸ்டிக் அதில் உட்காரவே உட்காராது.

வைகாசி முகூர்த்த நெரிசலில், ஒரு ரிசப்ஷன் வீடியோ முக்கால்வாசி தயாராகிக்கொண்டிருந்தபோது திரை நீலமானது. அதற்குப் பிறகு போர்டில் ராம் விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு ஸ்டிக்கைக் கழற்றினால் ஓடுகிறது, அந்த இன்னொன்றைப் போட்டால் எழுவதே இல்லை. திருச்சியில் மூன்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பழைய ராம் என்றால் டிராயரைத் திறந்து ஒரு ஸ்டிக்கை எடுத்துப் போட்டுப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இதற்கு மூன்று கடையிலும் மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு ஸ்டிக் இல்லை, ஒரு போர்டு இல்லை. முதல் ஆளாக வாங்கினால் ஊரிலேயே நாம் மட்டும்தான், கெட்டால் துணைக்கு யாரும் இல்லை. இதை யாரும் விலையில் சேர்த்துச் சொல்வதில்லை.

மூன்றாவது கடைப் பெரியவர் இதை முன்பே ஒரு தடவை பார்த்தவர். 2000-இல் பெண்டியம் 4 பிராசஸர் வந்தபோது ஆர்டிராம் என்ற விலை உயர்ந்த ராம்தான் போட முடியும், ஜோடியாகத்தான் போட வேண்டும், காலியாக இருக்கும் ஸ்லாட்டில்கூட ஒரு வெற்று அட்டையைச் செருக வேண்டும் என்றார். ஒன்றிரண்டு வருடத்தில் மலிவான ராம் போடுகிற போர்டுகள் வந்து, அதை வாங்கியவர்கள் தனியாக நின்றார்கள். "அப்ப அவங்க, இப்ப நீங்க தம்பி" என்றார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

சரி, வாரண்டிதான் இருக்கிறதே என்று கடைக்குப் போன் போட்டேன். "கொண்டு வாங்கண்ணே, பார்த்துக்கலாம்." ராத்திரி பஸ் ஏறிப் போனேன். ஜோடியாக விற்றது, ஜோடியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று நன்றாக இருந்த ஸ்டிக்கையும் வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் வெறும் பெட்டியானது. பத்து நாள் என்றார். பத்தாவது நாள், "ஸ்டாக் இல்லண்ணே." அப்புறம், "ஓனர் ஊர்ல இல்ல." அப்புறம் கடைப் பையன் எடுத்து, "அது எந்த ராம் சார்?" என்று கேட்டான். 36,000 ரூபாய் கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

போன வாரம்தான் உண்மை வெளியே வந்தது. ராம் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு நானே பேசினேன். சீரியல் நம்பரைக் கேட்டார்கள். நல்லவேளை, பெட்டி வீட்டில் இருந்தது. இது இந்தியாவில் விற்க அனுப்பிய சரக்கே இல்லை, வாங்கிய நாட்டில்தான் வாரண்டி கேட்க வேண்டும் என்றார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் வெளியே இருந்து கொண்டுவந்த சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடையில் கேட்டால், "பில்லுல சீரியல் நம்பர் இல்லையே. நாங்க கொடுத்த ஸ்டிக்குதான் இதுன்னு எப்படி நம்புறது?" நான் மாற்றிவிட்டேனாம். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் அதிகம் சுட்டது. மடித்து வைத்த பில்லை அன்றைக்குத்தான் பிரித்துப் படித்தேன். 'மெமரி 32 ஜிபி' என்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை. கடைசியாக 8,000 தருகிறோம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார்கள். அதே அளவு புது ஜோடி 2022 ஜூனில் 19,000-க்கு வந்துவிட்டதாம், 36,000 கொடுத்தது அந்த நேரத்து விலையாம்.

இந்த மூன்று வாரமும் ஒரு நண்பரின் கம்ப்யூட்டரில் ராத்திரி உட்கார்ந்து வேலையை முடித்தேன். அதே பிராசஸர், ஆனால் டிடிஆர் 4, 11,500 ரூபாய் ராம். முன்பு என் மெஷினில் 40 நிமிடம் எடுத்த அதே கல்யாண வீடியோ அவருடையதில் 41 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு 24,500 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறேன், போர்டுக்கு 5,000 தனி. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. என் ராமில் 4800 என்று போட்டிருந்தாலும் தாமதம் சிஎல் 40 (கேட்டதைக் கொடுக்க எடுக்கிற சுழற்சிகளின் எண்ணிக்கை). கணக்குப் போட்டால் 16.7 நானோ விநாடி. அவருடைய 3200 ராம் சிஎல் 16, 10 நானோ விநாடிதான். கேட்டதும் எடுத்துக் கொடுப்பதில் பழையதுதான் முந்துகிறது. அந்த 64 ஜிபி பேச்சும் அப்படித்தான். நான்கு ஸ்டிக் போட்டால் இன்டெல் உறுதி தருகிற வேகமே 4000 அல்லது 3600-க்கு இறங்கிவிடும். இதை அவர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை, நாளைக் காலைக்குள் ஒரு வீடியோ கொடுக்க வேண்டும். அவசரமாக இவ்வளவுதான்: பில்லில் சீரியல் நம்பர் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். கடையில் நிற்கும்போதே அந்த நம்பரைக் கம்பெனியிடம் கேட்டு இந்திய வாரண்டி உண்டா என்று பாருங்கள். அதே பிராசஸருக்குப் பழைய ராம் போட்டால் என்ன விலை என்று கேளுங்கள், சொல்லத் தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள். ராம் புதுசாக வந்த முதல் வருடத்தில் வாங்காதீர்கள்.

8,000-ஐ நான் வாங்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், திங்கட்கிழமை கொடுக்கப்போகிறேன். அந்தத் தட்டுப்பாட்டு நேரத்தில் டிடிஆர் 5 வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், ராம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, இன்றைக்கே பெட்டியை எடுத்து அந்த நம்பரைக் கேட்டுப் பாருங்கள்.