பிக்கப் தொட்டிக்குக் கடினமூடி: பெங்களூரு மழையிலும் தளி சாலைப் புழுதியிலும் கண்டவை

பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டிக்கு மூடி போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அதன் மேல் எத்தனை கிலோ ஏற்றலாம், பூட்டை எளிதில் உடைக்க முடியுமா என்பவற்றைத்தான். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனாலும் பல மழைக்காலங்களைக் கடந்த பிறகு, மூடியின் விளிம்பில் விழும் தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்ற கேள்வியையே நான் முதலில் வைப்பேன். அதற்கு விற்பவரால் விளக்கமாகப் பதில் சொல்ல முடியாவிட்டால், பலகை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்த மூடியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

என்னுடையது இசுசூ வி-கிராஸ், இரட்டைக் கேபின். பெங்களூரு அல்சூரில் வீடு, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிக்கு அருகே கொஞ்சம் நிலம். போகும்போது சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள், உர மூட்டைகள், சில நேரங்களில் பழுது பார்த்த மோட்டார். திரும்பும்போது தக்காளி, கீரை, தேங்காய். இடைப்பட்ட நாட்களில் கருவிப் பெட்டி தொட்டியிலேயே இருக்கும், வண்டி தெருவில் நிற்கும். தார்ப்பாய் கட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும்: ஓசூர் நெடுஞ்சாலை வேகத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டே வரும், நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கும், பூட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடினமூடிகளில் மூன்று வகை முக்கியமானவை. கண்ணாடியிழையால் ஆன ஒற்றைப் பலகை மூடி, காரின் டிக்கியைப் போல, வாயு அடைத்த தாங்குதண்டுகள் (கேஸ் ஸ்ட்ரட்) தாங்க மேலே எழும். தோற்றத்தில் அதுவே அழகு. வண்டியின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். தண்ணீர் புகும் இணைப்புகளும் அதில்தான் குறைவு. ஆனால் ஒன்றரை அடி ஆழத் தொட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் ஏற்ற வேண்டுமானால் மூடியைக் கழற்றியாக வேண்டும். கழற்ற இரண்டு பேர் வேண்டும். கழற்றியதை வைக்க வீட்டில் இடமும் வேண்டும். மாங்கன்றுகளை நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோக வேண்டிய எனக்கு அது ஒத்து வரவில்லை.

இரண்டாவது, கடைகளின் ஷட்டரைப் போல அலுமினியப் பட்டைகள் சுருண்டு உள்ளே போகும் வகை. பயன்படுத்த இதைவிட வசதியானது வேறில்லை. வேண்டிய அளவு திறந்து அங்கேயே நிறுத்திப் பூட்டலாம், கடப்பாரை போட்டு நெம்புவதும் கடினம். விலையும் மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். பட்டைகள் சுருளும் பெட்டி, தொட்டியின் முன்பக்கத்தில், கேபினை ஒட்டி இடம் பிடித்துக்கொள்ளும். ஏற்கனவே ஏறக்குறைய ஐந்தடி நீளமே உள்ள தொட்டியில் முன்னால் ஓரடி போனால், ஒரு வரிசை தக்காளி க்ரேட் குறையும். மேலும், பட்டைகளுக்கு இடையே இறங்கும் நீர் அந்தப் பெட்டிக்குள் வந்து, மெல்லிய குழாய்கள் வழியாகத் தொட்டிக்கு அடியில் வெளியேறும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பெங்களூரின் பழைய தெருக்களில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மரத்தின் பொடி இலைகள் குழாயை அடைத்துவிட்டால், நீர் பெட்டியில் நிரம்பித் தொட்டிக்குள்தான் வழியும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வகை: அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த மூன்று பலகைகள், கீல்களால் இணைந்து, கேபின் பக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் மூடி. மூன்றில் இரண்டு பங்கு திறந்தபடி, மடித்ததைப் பட்டையால் கட்டிவிட்டு ஓட்டலாம். முழுத் தொட்டியும் வேண்டுமென்றால், மூடியை விளிம்போடு பிடித்திருக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கி இறக்கிவிடலாம். தொட்டியில் எங்கும் துளை போடத் தேவையில்லை என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. தகட்டில் போட்ட ஒவ்வொரு துளையும் துருவுக்குத் திறந்த வாசல். வெட்டிய விளிம்புக்குத் துத்தநாக பிரைமர் அடிப்பதை அவசர வேலையில் யாரும் செய்வதில்லை.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. இந்த மூடிகளில் பல தாய்லாந்து, ஆஸ்திரேலியச் சந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை. வி-கிராஸின் முழுப்பெயர் டி-மேக்ஸ் வி-கிராஸ். அந்த டி-மேக்ஸ் வண்டியின் புதிய தலைமுறை தாய்லாந்தில் 2019-இலேயே அறிமுகமாகிவிட்டது. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாராகி 2016-இல் இங்கே விற்பனைக்கு வந்த வி-கிராஸ் அதற்கு முந்தைய தலைமுறை. பெயர் ஒன்றாக இருந்தாலும் தொட்டி ஒன்றல்ல. டொயோட்டா ஹைலக்ஸ் இங்கே 2022-இல்தான் வந்தது என்றாலும், வெளிநாடுகளில் அதே பெயரில் பல தலைமுறைகள் ஓடுவதால் அதிலும் இதே எச்சரிக்கை தேவை. ஒற்றைக் கேபின், இரட்டைக் கேபின் வண்டிகளின் தொட்டி நீளங்களும் வேறு வேறு. தொட்டியின் உள் நீளம், மேல் விளிம்பில் உள் அகலம், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்களவு ஆகியவற்றை நாமே டேப் பிடித்து எழுதிக் கொடுப்பது நல்லது. இரண்டு குறுக்களவுகளும் சமமாக இல்லையென்றால், எங்கோ இடிபட்டுத் தொட்டி சற்றே கோணியிருக்கிறது என்று பொருள்; அதைச் சரிசெய்யாமல் எந்த மூடியும் சீராக உட்காராது.

தொட்டியின் உள்ளே பிளாஸ்டிக் லைனர் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளிம்பின் மேல் மடிந்து உட்காரும் லைனர் இருந்தால் கிளாம்ப் பிடிக்க உலோக விளிம்பு கிடைக்காது, நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கும் தகட்டின் மேல் படியாது. கிளாம்ப் வரும் இடங்களில் மட்டும் லைனரை வெட்டலாம் என்பார்கள். என் அனுபவத்தில், விளிம்புக்குக் கீழேயே முடியும் லைனராக மாற்றிக்கொள்வது மேல். வெட்டிய இடங்களில் எல்லாம் தண்ணீர் லைனருக்குப் பின்னால் இறங்கும். இறங்கியது எளிதில் உலராது.

பொருத்தும் வேலையை ஜே.சி. ரோட்டில் பல வருடங்களாக இதையே செய்யும் ஒரு தமிழ்ப் பெரியவர் செய்தார். பலகையைத் தொடுவதற்கு முன்பே அவர் அதிக நேரம் செலவிட்டது விளிம்பைத் துடைப்பதில்தான். மெழுகோ பாலிஷோ ஒட்டியிருந்தால் முன்சுவரில் ஒட்டும் பீடிங் முதல் மழையிலேயே பெயர்ந்துவிடும் என்பதால், ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, வெயிலில் தகடு சூடேறிய பிறகே ஒட்டினார். மூடியின் கீழ் ரப்பர் படியும் இடம் முழுவதும் பெயிண்டைக் காக்கும் தெளிந்த ஃபிலிம் ஒட்டச் சொன்னவரும் அவரே. இதைத் தவிர்க்கவே கூடாது. ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கும் மணல், வண்டியின் அதிர்வில் உப்புத்தாளாக வேலை செய்து பெயிண்டைத் தேய்த்துவிடும்.

மூடி உட்காரும் இருபுறத் தண்டவாளங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று முன்னும் பின்னும் அளந்து பார்த்த பிறகே கிளாம்புகளை, ஒரே மூச்சில் முறுக்காமல், முன் இடது, பின் வலது என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். இன்னும் இறுக்கலாமே என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ரப்பர் லேசா அமுங்குனா போதும் சார், நசுங்கக் கூடாது. நசுங்குன ரப்பர் திரும்ப எழுந்திரிக்காது." அளவுக்கு மீறிய அழுத்தத்தில் நெடுநாள் இருக்கும் ரப்பர் தன் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை, அதோடு, அதிகம் முறுக்கினால் தொட்டியின் மெல்லிய விளிம்பும் வளையும். அடைப்பு சரியா என்று பார்க்க அவர் செய்த சோதனை எளியது: செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து விளிம்பில் வைத்து, மூடியைப் பூட்டி, இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு இழுவிசை தேவைப்பட வேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் தண்ணீரும் வரும். வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்புகள் சற்றுத் தளர்வது இயல்பு. அப்போது மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும்.

அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். கிளாம்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நைலான் வாஷரும், விளிம்பில் ரப்பர் பட்டையும் இருக்கின்றனவா என்று பொருத்தும்போதே பார்த்துவிட வேண்டும்.

இனி மழை. பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் பெய்கிறது. மே மாதத்துப் பேய்க்காற்று மழையும், செப்டம்பர், அக்டோபரின் விடாத மழையும் மூடியை வெவ்வேறு விதமாகச் சோதிக்கின்றன. நேராகக் கொட்டும் மழையில் என் தொட்டி உலர்ந்தே இருக்கிறது. காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும் மழையில், கேபினை ஒட்டிய இரண்டு முன்மூலைகளிலும் சில துளிகள் இறங்கும். காரணம் வடிவத்தில் இருக்கிறது: முன்சுவரும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் விளிம்பு ஒரே மட்டத்தில் இல்லை, பீடிங்கும் அங்கே இரண்டு துண்டுகளாக முடிகிறது. அந்த இடைவெளியைப் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர் டேப்பை உருட்டி வைத்து நிரப்பியதும் கசிவு பெரும்பாலும் நின்றது. வண்டியை எப்படி நிறுத்துகிறோம் என்பதும் இதில் சேரும். சரிவான தெருவில் முன்பக்கம் தாழ்ந்து நின்றால் மூடியின் மேல் விழும் நீர் முழுதும் அந்த முன்மூலைகளை நோக்கித்தான் ஓடிவரும். முன்பக்கம் உயர்ந்து நின்றால் தொட்டியின் பின்கதவான டெயில்கேட்டின் மேலாக வழிந்து போய்விடும். வாட்டர் வாஷ் செய்பவரிடம், தண்ணீர் பீய்ச்சும் கன்னை விளிம்புக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க எந்த பீடிங்கும் செய்யப்படவில்லை. எந்தக் கடினமூடியையும் நம்பி, நனைந்தால் கெடும் சாமானை வெறும் தரையில் வைக்கக் கூடாது. உர மூட்டைக்கு அடியில் நான் எப்போதும் மரச்சட்டம் போடுகிறேன்.

மழையைவிட அதிகம் போராட வைத்தது புழுதி. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி மண்சாலையில் இறங்கியதும், பூட்டிய தொட்டிக்குள் செம்மண் மாவு எப்படிப் படிகிறது என்று முதலில் வியப்பாக இருந்தது. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரங்கள் கிளப்பும் புழுதி அங்கே சுழன்று, டெயில்கேட்டைச் சுற்றியுள்ள இடைவெளிகள் வழியாக உள்ளே வருகிறது. மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் டெயில்கேட்டின் இரு பக்கங்களிலும் அடியிலும் இடைவெளி இருக்கும்வரை இது நிற்காது. அந்த இடைவெளிக்கென்று தனி ரப்பர் பீடிங் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஒட்டிய பிறகு கீரைக்கட்டின் மேல் மண் படிவது வெகுவாகக் குறைந்துவிட்டது. தொட்டித் தரையிலுள்ள வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உள்ளே வந்த நீர் வெளியேற அவற்றைத் தவிர வழியில்லை. சிறு கம்பிவலை வைத்தால் போதும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு மூடிக்குக் கீழே ஏப்ரல் மதியத்தில் காற்றோட்டமில்லாத தொட்டி நன்றாகவே காய்கிறது. தேங்காய்க்கும் தக்காளிக்கும் இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒன்றும் ஆவதில்லை, கீரை வாடிவிடும். விடியற்காலையில் அறுத்து, ஈரச்சாக்கு போர்த்தி, வெயில் ஏறுமுன் ஊர் சேர்ந்துவிடுவதே இதற்கு நான் கண்ட வழி. பம்புக்கான பெட்ரோல் கேனையோ சமையல் எரிவாயு சிலிண்டரையோ இந்த மூடிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, டெயில்கேட்டுக்குச் சாவிப்பூட்டு இல்லையென்றால் மூடிக்குப் பூட்டு இருந்தும் பயனில்லை. என் மூடியில் டெயில்கேட்டைத் திறக்காமல் தாழ்ப்பாளை எட்ட முடியாது என்பதால் ஒரே பூட்டு இரண்டையும் காக்கிறது. தெருவில் நிற்கும் வண்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததே பாதிப் பாதுகாப்பு.

சட்டம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேபின் உயரத்துக்கு நிரந்தரமாகக் கூண்டு கட்டுவதற்கும், துளையில்லாமல் கிளாம்பில் பிடித்துக் கழற்றக்கூடிய தட்டையான மூடிக்கும் வேறுபாடு உண்டு. ஆனாலும் வாங்குமுன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பில்லைப் பத்திரமாக வைத்து, காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது மூடியின் மதிப்பையும் துணைக்கருவியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அறிவிக்காத பொருளுக்கு இழப்பீடு கேட்பது கடினம்.

பராமரிப்பு அதிகமில்லை. மாதம் ஒருமுறை பீடிங்கை ஈரத்துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறேன். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ வேண்டாம். இந்த பீடிங்குகளில் பெரும்பாலானவை இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர், எண்ணெய் பட்டால் உப்பித் தளர்ந்துவிடும். பலகைகளில் இதுவரை குறையில்லை. கறுப்புப் பூச்சு மட்டும் சற்று வெளுத்திருக்கிறது. கீல்களுக்கு மேலுள்ள ரப்பர் பட்டைதான் முதலில் கிழடு தட்டுகிறது, வெயில் நேரே படும் நடுப்பலகைப் பக்கம் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன. அந்தப் பட்டை இங்கே உள்ளூரில் தனியாகக் கிடைப்பதில்லை, மூடி தருவித்த கடை மூலம்தான் வரவழைக்க வேண்டும். ஆகவே புதிதாக வாங்குபவர்கள் மூடியோடு ஒரு செட் கீல் ரப்பரையும், முன்சுவர் பீடிங்கில் இன்னொரு நீளத்தையும், இரண்டு உபரி கிளாம்புகளையும் அதே பில்லில் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.