ரெடிங் காம்பெடிஷன் சீட்டிங் டை: .308-க்கு வாங்கலாமா?

தோட்டாவைச் சொந்தமாகத் தயாரிப்பவர்கள் கேஸின் (தோட்டாவின் வெற்றுக் கூடு) கழுத்தில் குண்டை அழுத்திப் பொருத்தும் கருவிதான் சீட்டிங் டை; .308 என்பது .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டா. வாங்கலாம். குண்டு இறங்கும் ஆழத்தைத் திருகி மாற்ற மேலே உள்ள மைக்ரோமீட்டருக்காக மட்டும் அல்ல. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஸ்லீவ் (குழாய் உறை) இருக்கிறது. குண்டு கழுத்துக்குள் இறங்கும் முன்பே அது கேஸையும் குண்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொள்கிறது. சாதாரண டையில் குண்டு சாய்ந்து நுழையும் தொல்லை இதில் குறைவு. ஆனால் கழுத்தே கோணலாக இருந்தால் எந்த சீட்டிங் டையும் நிமிர்த்தாது. கேஸைச் சுருக்கி அளவுக்குக் கொண்டுவரும் சைஸிங் டையைப் பாருங்கள்.

மைக்ரோமீட்டரில் ஒரு கோடு 0.001 அங்குலம். முதல் தோட்டாவை வேண்டியதைவிட 0.020 அங்குலம் நீளமாக நிறுத்தி, காம்பரேட்டர் (நுனியை விட்டுக் குண்டின் வளைவைத் தொட்டு அளக்கும் துண்டு) மாட்டிய கேலிப்பரில் அளந்து, மிச்சத்தை இறக்குங்கள். நுனிவரை அளந்தால் ஏமாறுவீர்கள்: நுனியில் துளையுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டுகளின் நுனி ஒரே பெட்டியிலேயே முன்பின் இருக்கும். மேகசினில் அடங்குமா என்று பார்க்கத்தான் முழு நீளம்; .308 வின்செஸ்டருக்கு உச்சம் 2.810 அங்குலம். துப்பாக்கிக் குழலுக்குள் உள்ள சுருள் வரிகளான ரைஃப்ளிங்கைத் தொடும் அளவுக்குக் குண்டை வெளியே தள்ளினால் அழுத்தம் ஏறும். வெடிமருந்தைக் குறைத்து மறுபடி படிப்படியாக ஏற்றுங்கள்.

நீண்ட ஒல்லிக் குண்டுக்குத் தனியாக விற்கும் வி.எல்.டி. ஸ்டெம் (குண்டை அழுத்தும் தண்டு) அவசியம். இல்லையென்றால் நுனி போய் ஸ்டெம்மின் உள்ளே முட்டும், நீளம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். குண்டில் வளையத் தழும்பு விழுகிறதா? கழுத்துப் பிடி அதிகம், அல்லது ஸ்டெம் விளிம்பு கூர்மை. மருந்து நசுங்க நிரப்பும் லோடுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், ஸ்டெம் பாழாகும். கேஸ் வாயைக் குண்டின் மேல் இறுக்கும் கிரிம்ப் வசதியும் கிடையாது. வருடத்துக்கு ஒரு பெட்டி சுடும் வேட்டைக்காரருக்கு இந்த விலை வீண்.