அடிபட்ட லீவுக்குச் சம்பளம் வாங்கித் தருகிறேன் என்று 18,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள். ராமநாதபுரம் பக்கம் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மதியம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிளை அலுவலகத்தில் வைத்துத்தான் உண்மை தெரிந்தது. என் பெயரில் ஒரு மனுவும் அங்கே வரவில்லை. மூன்று மாதமாக "ஃபைல் நகருது அக்கா" என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கிய ஆள் ஒரு தாளைக்கூட உள்ளே கொடுக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கடற்கரை ஓரம் ஒரு தனியார் கல்லூரியில் அலுவலக உதவியாளர். சம்பளம் 13,800. அதில் மாதம் 104 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். மார்ச் மாதம் தேர்வுக் கட்டணம் கட்டும் நேரம். அபராதத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு மாணவனின் உறவினர் வந்து சத்தம் போட்டார். அது என் கையில் இல்லை, முதல்வரைப் பாருங்கள் என்றேன். கவுண்டருக்குள் புகுந்து நாற்காலியைத் தூக்கி அடித்தார். தடுக்கப் போன வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கல்லூரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? "வெளியாள் அடிச்சதுக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பு? காலேஜ் பேரு கெட்டுடும், சிக் லீவுன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார்கள். எனக்கு மிச்சம் இருந்த சிக் லீவு நாலே நாள். மற்ற நாளுக்கெல்லாம் சம்பளம் பிடித்தம். அவர்கள் போட்ட குறிப்பில் "அலுவலகத்தில் தவறி விழுந்ததால்" என்று இருந்தது. நான் எங்கே விழுந்தேன்?

அந்த நேரத்தில்தான் கூட வேலை பார்க்கும் ஒருவர் இந்த ஆளைச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்லது நினைத்துத்தான் சொன்னார். ராமநாதபுரத்தில் மாடியில் ஒரு சின்ன அறை. தொழிலாளர் ஆலோசனை என்று போர்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையெல்லாம் முடித்துத் தருவார்களாம்.

உள்ளே போனதும் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். "எங்க அம்மாவும் பாம்பன்தான் அக்கா" என்றார். நடந்தது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, அங்கேயே ஒரு மனு எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் "பணியின்போது தாக்கப்பட்டு" என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை கல்லூரியில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த ஆளை நம்பினேன். கட்டுப் போட்ட கையால் பேனா பிடிக்க முடியாது என்று, கைநாட்டு வைத்தேன். அரசு மருத்துவமனையில் வாங்கிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, ஓய்வுச் சான்றிதழ், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கொடுத்தேன். அன்றைக்கு 5,000.

மே மாதம் போன் வந்தது. மேலே கவனிக்க வேண்டும், 8,000 வேண்டும் என்று. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது. தடைக்கால நிவாரணமாக வந்த 8,000 ரூபாயை வீட்டில் அரிசிகூட வாங்காமல் அப்படியே ஜிபே பண்ணினேன். ஜூனில் மெடிக்கல் போர்டு செலவு என்று 5,500. ஆக 18,500.

அதற்கப்புறம் எல்லாம் இழுத்தடிப்புதான். "சார் லீவுல இருக்காரு." "சர்வர் டவுன்." "மதுரைக்குப் போயிருக்கு, வந்துரும்." இரண்டு முறை பஸ் ஏறிப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன், கதவு பூட்டியிருந்தது. கடைசியாக ஒருநாள் போனை எடுத்து, "என்னக்கா, நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று கோபப்பட்டது அந்த ஆள். பணத்தைக் கொடுத்துவிட்டு நான் மன்னிப்புக் கேட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

நேற்று கிளை அலுவலகத்தில் இருந்த அம்மா நிதானமாகச் சொன்னார். வேலை நேரத்தில் வேலை செய்யும்போது அடிபட்டால், வேறு காரணம் என்று யாரும் நிரூபிக்காதவரை வேலையால் வந்த காயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சட்டத்திலேயே அப்படி இருக்கிறதாம். சிக் லீவு கணக்கில் போனால் 70 சதவீதம்தான், அதற்கும் சந்தா கட்டிய நாள்கணக்கு பார்ப்பார்கள். பணிக் காயம் என்றால் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம், நாள்கணக்கு கிடையாது. நேராக நம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் இல்லை. அந்தப் பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. "ஆனா விபத்து அறிக்கையே உங்க காலேஜ்லேருந்து வரலையேம்மா" என்றார். அதை அனுப்ப வேண்டியது கல்லூரியின் பொறுப்பு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 460. அதில் 90 சதவீதம் 414. 42 நாளைக்கு 17,388 ரூபாய். எனக்கு வரவேண்டியதே 17,388தான். அதை வாங்குவதற்கு 18,500 கொடுத்திருக்கிறேன்! அடித்த ஆள் கையை உடைத்தான், இந்த ஆள் வீட்டு அடுப்பையே அணைத்துவிட்டான்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன். கை வலிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அடிபட்டால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், யார் எதனால் அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லி ஏ.ஆரில் பதியவையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். "தவறி விழுந்தேன்", "சிக் லீவு" என்று கல்லூரி நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், யாரிடமும்! வக்கீல் வேண்டுமென்றால் 15100க்கு அடியுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே உதவுவார்கள். இது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

ஏ.ஆர். காப்பி இன்னொன்று கேட்டு இன்றைக்கு மருத்துவமனைக்குப் போகிறேன். அங்கிருந்து ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு காவல் நிலையம். இதை எழுதும்போதுகூட அந்த ஆளுக்கு இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை.